தெருமுனைப் பாடகர் வில்லி ஜான்சன்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் டெக்ஸாஸ் என்றொரு மாநிலம் உண்டு. அங்கே 1897-ம் ஆண்டு ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் வில்லி ஜான்சன். பிறக்கும்போது அவருக்குப் பார்வை இருந்தது. ஏழு வயதளவில், தகப்பனாருக்கும் சிற்றன்னைக்கும் மூண்ட சண்டையில் சிற்றன்னை வீசிய காரத் தண்ணீர் சிறுவனின் கண்களைப் பறித்துவிட்டது. பிற்காலத்தில் அவர் மனைவி சொன்ன செய்தி இது.

கண்ணிழந்த ஏழைக்கு அந்நாளில் வேறு பிழைப்பு ஏது? கிதாரை ஏந்தித் தெருமுனையில் நின்றார். வழிப்போக்கர் இட்ட காசே அவருக்கு வருமானம். அக்காலத் தெருப் பாடகர் பலர் புளூஸ் எனும் சோக இசையில் காதலையும் குடியையும் பாடினர். இவரோ அதே இசைமுறையில் தேவனைப் பாடினார்.

1927 டிசம்பர் 3-ந் தேதி டல்லஸ் நகரில் கொலம்பியா கம்பெனியார் அவருடைய ஆறு பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்தனர். 1930-க்குள் முப்பது பாட்டுகள் பதிவாயின. பிறகு நாடெங்கும் பொருளாதார நெருக்கடி. இசைத்தட்டு வாங்குவோர் குறைந்தனர். கம்பெனியார் அவரை மீண்டும் அழைக்கவில்லை. அவரும் தெருவுக்கே திரும்பினார்.

முதல் நாள் பதிவான பாட்டுகளில் ஒன்று, நம் ஆண்டவர் பூங்காவனத்தில் பட்ட வேதனையைக் கூறும் பழைய கீதத்தைத் தழுவியது. அதில் ஒரு சொல்கூட இல்லை. அவர் முனகுகிறார், கிதார் அதற்கு மறுமொழி தருகிறது. அவ்வளவே.

1945-ல் போமான்ட் நகரில் அவர்கள் வீடு தீப்பற்றி எரிந்தது. போக்கிடம் இல்லாமல், நனைந்த படுக்கையின்மேல் செய்தித்தாளை விரித்துப் படுத்தார்கள். அவருக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையிலும் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள் என்று மனைவி கூறினார். செப்டம்பர் 18-ந் தேதி உயிர் பிரிந்தது. நெடுங்காலம் அவர் கல்லறைக்கு ஓர் அடையாளக் கல்லும் இல்லை.

1977-ல் அமெரிக்கர் இரண்டு வாயேஜர் விண்கலங்களை ஏவினர். உலகத்தின் குரலாகத் தங்க முலாம் பூசிய தட்டு ஒன்றை ஒவ்வொன்றிலும் வைத்தனர். அதிலுள்ள 27 இசைகளில் பேத்தோவனும் பாக்கும் உண்டு. வில்லி ஜான்சனின் அந்த முனகலும் உண்டு. 2012-ல் முதற்கலம் சூரியக் காற்றின் எல்லையையும் கடந்து சென்றது.

படுக்க இடமின்றி மாண்டவரின் குரலை மனிதகுலம் தன் குரலாக விண்ணுக்கு அனுப்பியிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது அவருக்குத் தேவைப்பட்டதோ ஓர் உலர்ந்த படுக்கை. தெருமுனையில் பாடிக் கையேந்தும் கண்ணிழந்தவரைக் காணும்போது, காசை எறிந்துவிட்டு நடக்காமல், சற்றே நின்று கேட்போம். இரவில் அவர் எங்கே படுக்கிறார் என்றும் விசாரிப்போம்.