தோட்டத்தைத் தொழிலாளிக்கே சொந்தமாக்கிய துன் சம்பந்தன்

மலேசிய இந்தியர்கள் மே மாதத்தில் இரண்டு நாள்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். 1960ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி அதைத் தோற்றுவித்த துன் வீ.தி. சம்பந்தன் கண்மூடினார். அறுபதாம் கல்யாணத்திற்கு ஒரு மாதமே எஞ்சியிருந்தது. மனைவி தோ புவான் உமாசுந்தரியும் மகளும் குடும்பத் தலைவரை இழந்தனர். அவர்களோடு சேர்ந்து, நாடெங்கும் இருந்த தோட்டத்து மக்களும் தங்கள் வீட்டுப் பெரியவர் போய்விட்டதாகவே கலங்கினர்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி பிறந்தவர் திருஞான சம்பந்தன். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைப்பால் உயர்ந்து, ரப்பர் தோட்டங்களுக்கு உரிமையாளரானவர். சம்பந்தன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு தமிழகம் சென்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். செல்வர் வீட்டுப் பிள்ளையாக, தந்தை வைத்துவிட்டுப் போன சொத்தைக் காத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் அரசியலுக்கு வந்தார்.

1955இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவர் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு துங்கு அப்துல் ரஹ்மான் அமைத்த அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். நாடு சுதந்திரம் அடைந்தபோது கூட்டணியின் முதன்மைத் தலைவர்களில் ஒருவராக வேட்டி, ஜிப்பாவில் நின்றார். பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை எனப் பல துறைகளுக்கு அமைச்சராக இருந்தார். 1973இல் துணைப் பிரதமர் துன் இஸ்மாயில் காலமான வேளையில், பிரதமர் துன் ரசாக் வெளிநாட்டில் இருந்ததால், ஒரு நாள் தற்காலிகப் பிரதமர் பொறுப்பையும் வகித்தார்.

ஆனால், பதவிகளைவிட அவர் பெயரை நிலைநிறுத்தியது தோட்டத் துண்டாடலுக்கு எதிராக அவர் எடுத்த முயற்சி.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி லாபத்துக்குக் கைமாற்றினர். ஆயிரம் ஏக்கர் தோட்டத்திற்குத்தான் லயம், மருந்தகம், பிள்ளைக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாம் தேவை. பத்து ஏக்கர் துண்டுக்கு எதுவும் தேவையில்லை. தோட்டத் தொழிலாளிக்கு வேலை கொடுப்பவரே வீட்டையும் கொடுப்பவர். ஆகவே தோட்டம் கைமாறியதும் வேலையும் கூரையும் ஒன்றாகப் பறிபோயின. மூன்று தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு சாலையோரம் நின்றன.

இதற்குச் சம்பந்தன் கண்ட வழி எளிமையானது. தோட்டத்தை யாரோ வாங்குவதற்குள் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கிவிட வேண்டும். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டலாம். அன்றைய கூலியில் பத்து வெள்ளி சிறிய தொகையன்று. கங்காணிக்கும் கடைக்காரருக்கும் கடன்பட்டுப் பழகியவர்களிடம், உங்கள் பணத்தில் தோட்டம் வாங்கலாம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் அவரே தோட்டம் தோட்டமாகப் போனார். உமாசுந்தரியும் உடன் சென்றார். பெரட்டுக் களத்திலும் கோயில் திடலிலும் மக்களோடு அமர்ந்து, கூட்டுறவு என்றால் என்ன என்று விளக்கினார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு முதலில் வந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாக வேறு மாநிலங்களிலும் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலியாக வந்தவர்களின் பிள்ளைகள் பங்குதாரர்கள் ஆனார்கள்.

கல்வியிலும் அவர் கை நீண்டது. சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழும்பத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் 1954இல் அப்பள்ளியைத் திறந்து வைத்தார். தேர்தல், கட்சி, பள்ளி, உதவி கேட்டு வாசலுக்கு வந்தவர்கள் என்று செலவுகள் பெருகப் பெருக, தந்தை விட்டுச்சென்ற நிலம் குறைந்துகொண்டே போனது. அரசியலுக்கு வந்து சொத்துச் சேர்த்தவர்களைப் பார்த்திருக்கிறோம். சம்பந்தன் சொத்தோடு வந்து, அதைக் கரைத்துவிட்டுப் போனவர்.

அவர் மீது குறை சொன்னவர்களும் உண்டு. இந்தியர்களுக்காக இன்னும் உரத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது பரவலான விமர்சனம். கட்சிக்குள் பூசல் முற்றி, 1973இல் தலைமைப் பொறுப்பை வி. மாணிக்கவாசகத்திடம் விட்டு விலக நேர்ந்தது. துண்டாடப்பட்ட தோட்டங்கள் அத்தனையையும் கூட்டுறவுச் சங்கத்தால் மீட்க முடியவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் மீட்கப்பட்ட தோட்டங்களில் எத்தனையோ அடுப்புகள் அணையாமல் இருந்தன.

பதவி விலகிய பிறகும் தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராகப் பணியாற்றினார். அவர் மறைந்த பின், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சாலை 'ஜாலான் துன் சம்பந்தன்' ஆனது. அங்கே தீபாவளிக்குத் துணியெடுக்கப் போகும் இளையோரில் பலருக்கு அது வெறும் சாலைப் பெயர். தாத்தா பாட்டியிடம் கேட்டால் வேறு கதை கிடைக்கும். நூறு வெள்ளிக்குப் பங்குப் பத்திரம் வாங்கியதையும், அதைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்ததையும் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது பேரப்பிள்ளைகளின் கடமை.