தோலின் உயிரைத் தேடிய மருத்துவர் ஹரோல்ட் கில்லிஸ்

வாகனச் சக்கரம் காலின் மீது ஏறும் விபத்துகளில், தோல் அடியிலுள்ள தசையிலிருந்து உறைபோல உரிந்துவிடுவதுண்டு. அதை அப்படியே மீண்டும் தைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அதற்கு இரத்தம் கொண்டுவந்த நாளங்கள் அறுந்துவிடுவதால், தைத்த தோல் பெரும்பாலும் சில நாட்களில் கறுத்து அழுகிவிடுகிறது.

இரத்தம் எட்டாத தோல் பிழைக்காது என்ற இந்தச் சிக்கலோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர், நவீன பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையின் தந்தை என்று கருதப்படும் சர் ஹரோல்ட் கில்லிஸ்.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1882 ஆம் ஆண்டு பிறந்த கில்லிஸ், கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் மருத்துவம் பயின்று, காது, மூக்கு, தொண்டை மருத்துவரானார். முதலாம் உலகப் போரின்போது 1915 இல் பிரான்ஸ் சென்ற அவர், முகம் சிதைந்த சிப்பாய்களின் நிலையைக் கண்டு, அவர்களுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்று வலியுறுத்தினார்.

1916 ஜூலையில் சோம் சமர் தொடங்கியபோது, ஆல்டர்ஷாட்டில் இருந்த அவரது பிரிவு சுமார் 200 பேரை எதிர்பார்த்தது. வந்தவர்களோ 2,000 பேர். 1917 இல் லண்டனுக்கு அருகே சிட்கப்பில் தனி மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கு 5,000க்கும் அதிகமானோருக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன.

தோல் குழாய்

நெற்றித் தோலின் ஒரு முனையை அறுக்காமல் விட்டு, அதைத் திருப்பி மூக்கு அமைக்கும் முறை இந்தியாவில் பல நூற்றாண்டுகளாக அறியப்பட்டிருந்தது. ஆனால் பெரிய தோல் பட்டைகளின் திறந்த அடிப்பக்கத்தில் கிருமி தொற்றியது. அதைத் தடுக்க அன்று ஆன்டிபயாடிக் மருந்துகள் இல்லை.

1917 அக்டோபரில், தீக்காயமடைந்த கடற்படை வீரர் ஒருவருக்குச் சிகிச்சை அளித்தபோது, உயர்த்திய தோலின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருள்வதை கில்லிஸ் கவனித்தார். அவற்றை இணைத்துத் தைத்துக் குழாயாக்கினார். புண் மூடப்பட்டது, இரத்த ஓட்டமும் தொடர்ந்தது. ஒடேசாவில் மருத்துவர் ஃபிலடோவும் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக இம்முறையைக் கண்டறிந்திருந்தார்.

ஆனாலும் தோல்வி நேர்ந்தது. 1918 இன் தொடக்கத்தில், முகம் கருகிய இளம் விமானி ஒருவருக்கு நெஞ்சிலிருந்து பெரும் தோல்பகுதி மாற்றப்பட்டது. அது அழுகியது, சில வாரங்களில் அவர் இறந்தார். அவசரப்படாமல் கட்டம் கட்டமாகச் செய்ய வேண்டும் என்பது கில்லிஸ் அதிலிருந்து கற்ற பாடம்.

எலும்பு வெளித்தெரியும் கால் காயங்களில் மெல்லிய தோல் ஒட்டாது. அங்கும் குழாய் முறை உதவியது. வயிற்றுத் தோல் முதலில் மணிக்கட்டோடு இணைக்கப்பட்டு, சில வாரங்களுக்குப் பின் காலுக்கு மாற்றப்பட்டது. நோயாளி வாரக்கணக்கில் அசையாமல் கிடக்க நேர்ந்தது.

1973 இல் மெல்பேர்னில், தொடையிடுக்குத் தோலை இரத்த நாளங்களுடன் எடுத்து நுண்ணோக்கியின் உதவியால் காலில் இணைத்தனர். இத்தகைய முறைகளால் குழாய் முறை பெரும்பாலும் வழக்கொழிந்தது. உரிந்த தோலின் கொழுப்பை நீக்கி, மெல்லியதாக்கி மீண்டும் ஒட்டும் முறையும் இன்று கையாளப்படுகிறது.

1930 இல் சர் பட்டம் பெற்ற கில்லிஸ், 78 வயதிலும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. 1960 ஆகஸ்டில், 18 வயதுப் பெண் ஒருவரின் சேதமடைந்த காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு மூளையில் இரத்த உறைவு ஏற்பட்டது. செப்டம்பர் 10 ஆம் தேதி அவர் காலமானார்.