உடம்பெல்லாம் வியர்வை... டாக்டர் வருவதற்குள் பிரிந்த உயிர்! காமராஜர் வாழ்க்கையும் சிபிஆர் பாடமும்

1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. சென்னை திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் மதியம் ஓய்வெடுத்த காமராஜருக்கு திடீர்னு வியர்த்துக் கொட்டியது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் படுத்தார். டாக்டர் வந்து பார்த்தபோது உயிர் இல்லை. மாரடைப்பு. வயது 72.

விருதுநகர் டூ கோட்டை

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார், படிப்பும் பாதியில் நின்றது. சுதந்திரப் போராட்டத்தில் பல ஆண்டுகள் சிறை. 1954-ல் முதலமைச்சர். ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு கொடுத்தார். இன்றைய திருப்பூர் மாவட்டத்துக்குத் தண்ணீர் தரும் அமராவதி அணையும், பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டமும் அவர் ஆட்சியில் வந்தவைதான். 1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காகப் பதவி விலகினார். சரியாக 12 வருஷம் கழித்து, அதே தேதியில் மறைந்தார்.

அன்று என்ன இல்லை?

கையால் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையை 1960-லேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் அது சாதாரண மக்களிடம் வந்து சேரவில்லை. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்துக்கு வந்ததே 2008-ல்தான். காமராஜர் தனியாகப் படுத்திருந்தார். அதனால் சிபிஆர் செய்திருந்தால் பிழைத்திருப்பார்னு சொல்லிட முடியாது. ஆனால் திடீர் வியர்வை மாரடைப்பின் அறிகுறி. அந்த நேரத்தில் நோயாளியைத் தனியாக விடவே கூடாது.

பனியன் கம்பெனியில் ஒருவர் சரிந்தால்?

இதயம் நின்றுவிட்டால், சிபிஆர் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். 10 நிமிஷத்தில் கிட்டத்தட்ட கதை முடிந்துவிடும். ஷிப்ட் மாறும் நேரத்து திருப்பூர் டிராபிக்கைத் தாண்டி ஆம்புலன்ஸ் வரும்வரை, பக்கத்து மெஷினில் இருப்பவர்தான் டாக்டர்.

* தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லையா? உடனே ஒருவர் 108-க்கு போன் போடட்டும்.
* தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்க.
* நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் இன்னொன்று. முழங்கையை மடக்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்துங்க.
* நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசா மேலே வரணும்.
* கை ஓய்ந்தால் ஆள் மாறலாம், அழுத்துவது நிற்கக் கூடாது.

சோடா, தண்ணீர் கொடுத்து நேரத்தை வீணாக்காதீங்க. நெஞ்சு வலியோ திடீர் வியர்வையோ இருந்து, நினைவும் இருந்தால் சிபிஆர் வேண்டாம். உட்கார வைத்து, கூடவே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.