நாணயத்தில் பெயர் பெற்ற பேரரசி நூர்ஜஹான்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசை அறியாதார் நம் மாவட்டத்தில் அரியர். ஒருபுறம் பிரகதாம்பாளின் உருவத்தையும் மறுபுறம் விஜய என்னும் தெலுங்கு எழுத்துகளையும் தாங்கிய அச்சிறு செப்புக்காசு, தம்மை அவ்வம்மையின் தொண்டர் என அழைத்துக்கொண்ட தொண்டைமான் மன்னர்களின் உள்ளக்கிடக்கையைக் காட்டுவதாகும். காசில் எவர் பெயர் நிற்கிறதோ அவரே நாட்டின் தலைமை என்பது பல நாடுகளிலும் நிலவிய வழக்கு. இசுலாமிய அரசுகளில் அது மேலும் உறுதிப்பட்ட மரபு. சிக்கா எனப்படும் நாணயத்திலும், வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது ஓதப்படும் குத்பாவிலும் பெயர் இடம்பெறுவதே ஒருவரை அரசர் எனக் காட்டும் இரு அடையாளங்கள். முகலாயப் பேரரசர்களின் துணைவியருள் இவ்விரண்டில் ஒன்றையேனும் பெற்றவர் ஒருவர்தாம். அவரே நூர்ஜஹான்.

அவர் இந்நாட்டில் பிறந்தவர் அல்லர். அவருடைய தந்தை மிர்ஸா கியாஸ் பேக் தெஹ்ரானைச் சேர்ந்தவர்; ஸஃபவீ மன்னர்களின் ஆட்சியில் உயர் பதவி வகித்த குடும்பத்தின் பிள்ளை. தந்தையார் மறைந்தபின் குடும்பத்தின் செல்வாக்குச் சரிந்தது. பிழைப்புத் தேடி, கருவுற்ற மனைவி அஸ்மத் பேகத்துடனும் பிள்ளைகளுடனும் கியாஸ் பேக் இந்துஸ்தானம் நோக்கிப் புறப்பட்டார். வழியில் கள்வர் கைப்பொருளைக் கவர்ந்தனர். அந்நிலையில், 1577ஆம் ஆண்டு, கந்தஹாரில் பிறந்த பெண்குழந்தைக்கு மெஹருன்னிசா எனப் பெயரிட்டனர். பெண்டிருள் கதிரவன் என்பது அதன் பொருள். வறுமை தாளாது குழந்தையைப் பாதையோரத்தில் விட்டுச் சென்றனர் என்றும், பின்வந்த வணிகர் எடுத்துத் தந்தனர் என்றும் ஒரு கதை உண்டு. பேரரசியானவர் பிறப்புக்குப் பிற்காலத்தார் அணிவித்த அணி அது என்றே கொள்ளத் தோன்றுகிறது. மாலிக் மசூத் என்னும் வணிகர் அக்குடும்பத்துக்கு உதவினார் என்பதும், அவர் வழியாகவே கியாஸ் பேக் ஃபதேபூர் சிக்ரியில் அக்பரின் அவையை அடைந்தார் என்பதும் வரலாறு.

கியாஸ் பேக் கணக்கிலும் எழுத்திலும் வல்லவர். படிப்படியாக உயர்ந்து காபூலின் திவான் ஆனார். மகள் பாரசீக மொழியும் இலக்கியமும் கற்று வளர்ந்தாள். 1594ஆம் ஆண்டு, பதினேழாம் வயதில், அலீ குலீ என்னும் ஈரானிய வீரருக்கு அவள் மணம்முடிக்கப்பெற்றாள். வேட்டையில் அவர் காட்டிய வீரத்துக்காக இளவரசர் சலீம் அவருக்கு ஷேர் அஃப்கன் என்னும் பட்டம் அளித்தார். சலீமே பின்னர் ஜஹாங்கீர் எனும் பெயருடன் 1605இல் அரியணை ஏறியவர். வங்காளத்தில் பர்தவான் பகுதியில் ஜாகீர் பெற்று வாழ்ந்த ஷேர் அஃப்கன்மீது அரசுக்கு ஐயம் எழுந்தது. 1607இல் அவரை அழைத்துச் செல்ல வந்த ஆளுநர் குத்புத்தீன் கானை அவர் வெட்டி வீழ்த்த, உடன்வந்தோர் அவரை வீழ்த்தினர். மெஹருன்னிசா, லாட்லி என்னும் சிறுமகளுடன் ஆக்ராவுக்கு அனுப்பப்பட்டு, அக்பரின் துணைவியாரான ருகையா பேகத்தின் பணியில் அமர்ந்தார்.

இவ்விடத்தில்தான் நாடகக்காரர்களும் திரைப்படக்காரர்களும் புகுந்துவிடுகின்றனர். இளமையிலேயே சலீம் அவள்மீது காதல் கொண்டதாகவும், அக்பர் மறுத்ததாகவும், அரியணை ஏறியதும் கணவனைக் கொல்வித்து அவளை அடைந்ததாகவும் கூறப்படுவதைக் கேளாதார் இல்லை. அக்காலத்துப் பாரசீக வரலாற்று நூலோர் இதனைக் கூறவில்லை. அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேனி பிரசாத், ஜஹாங்கீர் வரலாற்றை 1922இல் எழுதியபோதே இக்கதையை மறுத்துவிட்டார். கொல்வித்து அடைய எண்ணியவர் நான்கு ஆண்டுகள் காத்திருப்பானேன் என்னும் ஒரு வினாவே இதற்குப் போதும். 1611ஆம் ஆண்டு வசந்தகாலத்து நவ்ரோஸ் விழாவில் ஜஹாங்கீர் அவரைக் கண்டார். அவ்வாண்டு மே மாதம் நிக்காஹ் நிகழ்ந்தது. மணமகளுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு, ஒரு பெண்மகவின் தாய், கைம்பெண். இவற்றுள் எதனையும் ஒரு குறையாக அவ்வவை கருதவில்லை. நம் நாட்டில் இந்துக் கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் வர 1856 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை மாணவர் இங்கே நினைவுகொள்ளலாம்.

முதலில் நூர்மஹல் என்றும், 1616 முதல் நூர்ஜஹான், அதாவது உலகின் ஒளி, என்றும் அவர் பட்டம் பெற்றார். ரோசா அத்தரைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பாடநூல்களிலும் காண்கிறோம். ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பான துசுக்கில் அப்பெருமையை நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகத்துக்கே உரியதாக்கியுள்ளார். தாய்க்குரியதைத் தாய்க்கே விட்டுவிடுவோம்; மகளுக்குச் சொந்தமானவை வேறு பல உள.

ஜஹாங்கீர் கலையுள்ளம் மிக்கவர், நீதியில் நாட்டமுடையவர், எனினும் மதுவுக்கும் அபினுக்கும் அடிமைப்பட்டவர். இதனை அவரே ஒளிக்காமல் எழுதியுள்ளார். 1614இல் நோயுற்றபோது தம் துன்பத்தை நூர்ஜஹான் ஒருவருக்கே சொன்னதாகவும், பின்னொரு நோயின்போது மருத்துவர்களைவிட அவரே தம்மை நன்கு பேணி, மதுவின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்ததாகவும் அவர் குறித்திருக்கிறார். நோயாளியைப் பேணும் கை நாளடைவில் முத்திரையையும் தாங்கிற்று. நிஷான் எனப்படும் ஆணைகள் அவருடைய சொந்த முத்திரையுடன் வெளிவந்தன. அவருக்கு வணிகக் கப்பல்கள் இருந்தன. யமுனைக்கு அக்கரையிலிருந்து ஆக்ராவுக்குள் வரும் சரக்குகளுக்கு அவருடைய அலுவலர் சுங்கம் தண்டினர். அவர் பஞ்சாபில் எழுப்பிய பெரிய வழிப்போக்கர் சத்திரத்தின் வாயில் இன்றும் நிற்கிறது. ஜலந்தர் மாவட்டத்து அவ்வூர் நூர்மஹல் என்றே வழங்குகிறது. ஆதரவற்ற ஏழைப் பெண்கள் ஐந்நூறு பேருக்குச் சீர் தந்து அவர் மணமுடித்து வைத்ததாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன.

துப்பாக்கி பிடிப்பதிலும் அவர் தேர்ந்தவர். 1617இல் வேட்டையில் சூழப்பட்ட நான்கு புலிகளை, யானைமீதிருந்த அம்பாரிக்குள்ளிருந்தே ஆறு குண்டுகளில் வீழ்த்தினார். யானை நிலையாக நில்லாத நேரத்தில் அவ்வாறு சுடுவது எளிதன்று என வியந்த கணவர், ஆயிரம் அஷ்ரபிப் பொற்காசுகளை அவர்மேல் சொரியச் செய்தார்.

1621இல் அஸ்மத் பேகமும், சில திங்களில் கியாஸ் பேக்கும் மறைந்தனர். இதிமாத்-உத்-தௌலா என்னும் பட்டத்துடன் பேரரசின் முதன்மை அமைச்சராக விளங்கிய தந்தையின் உடைமைகள் அனைத்தையும் ஜஹாங்கீர் நூர்ஜஹானுக்கே அளித்தார். தம் முரசை அடுத்து அவருடைய முரசு முழங்கவும் ஆணையிட்டார். அச்செல்வத்தைக்கொண்டு ஆக்ராவில் யமுனைக் கரையில் பெற்றோருக்கு அவர் எழுப்பிய கல்லறை மாடம் 1628இல் நிறைவுற்றது. வெண்பளிங்கில் வண்ணக்கற்களை இழைத்துச் செய்த அதன் வேலைப்பாடு தாஜ்மஹாலுக்கு முற்பட்டது. நம் கொடும்பாளூர் மூவர் கோயில், பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் எடுத்தது. கணவன் எழுப்பிய கல்லில் மனைவியின் பெயர் நிலைத்தது அங்கே, தாஜும் அவ்வாறே. மகள் தன் பெற்றோருக்கு எழுப்பிய நினைவுமாடம் என்பதால், ஆக்ராவின் இக்கட்டடத்தைத் தாஜுக்கு இணையாக மதிக்க நான் தயங்கேன்.

ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் ஆக்ரா, லாகூர், சூரத், பாட்னா முதலிய நாணயச் சாலைகளில் ஜஹாங்கீரின் பெயரோடு நூர்ஜஹானின் பெயரும் பொறித்த காசுகள் வெளிவந்தன. குத்பாவில் மட்டும் அவர் பெயர் ஓதப்படவில்லை. இதனைக் கணவரை அடிமைப்படுத்திய சூழ்ச்சி என எழுதினோர் பலர். தந்தை, தமையன் ஆசஃப் கான், இளவரசர் குர்ரம் ஆகியோரைக் கூட்டி ஒரு குழுவாக அவர் அரசைக் கைப்பற்றினார் என்பது பேனி பிரசாத்தின் கருத்து. பிற்கால அறிஞர் நூருல் ஹசன் அவையோரின் பதவி உயர்வுகளை ஆராய்ந்து, அத்தகைய குழு ஒன்று இருந்ததற்குச் சான்று இல்லை என்று மறுத்தார். அரசர் அறியாமல் காசு அடிக்க இயலாது. கைப்பற்றியதாகக் கூறுவதைவிடக் கணவர் மனமொப்பிப் பகிர்ந்தார் என்பதே பொருந்தும்.

அவர் பிழையே செய்யாதவர் என்பதும் இல்லை. ஆசஃப் கானின் மகள் அர்ஜுமந்த் பானு, அதாவது மும்தாஜ், 1612இல் இளவரசர் குர்ரமை மணந்திருந்தார். குர்ரமே பின்னாளைய ஷாஜஹான். நூர்ஜஹானோ தம் மகள் லாட்லியை 1621இல் இளைய இளவரசர் ஷஹ்ரியாருக்கு மணமுடித்தார். ஷஹ்ரியார் ஆற்றல் குறைந்தவர். ஒரு குடும்பத்தின் தமையனும் தங்கையும் இரு மருமகன்களுக்காக எதிரெதிரே நிற்கும் நிலை அன்றே விதைக்கப்பட்டுவிட்டது. 1622இல் ஈரானின் ஷா அப்பாஸ் கந்தஹாரைக் கைப்பற்றினார். அதை மீட்கச் செல்லுமாறு ஆணை பெற்ற குர்ரம், தாம் தொலைவில் இருக்கும்போது அரியணை கைநழுவுமோ என அஞ்சிக் கிளர்ந்தெழுந்தார். நூர்ஜஹான் பிறந்த ஊரே அவருடைய வீழ்ச்சிக்கும் தொடக்கமாயிற்று. நாடு சுமார் நான்கு ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் வாடியது.

அக்கிளர்ச்சியை அடக்கியவர் தளபதி மஹாபத் கான். அவருடைய செல்வாக்கு வளர்வதைப் பொறாத அவை, கணக்குக் கேட்டும் அவருடைய மருமகனை அவமதித்தும் அவரைச் சினமூட்டியது. 1626 மார்ச்சில், காபூல் செல்லும் வழியில், ஜீலம் ஆற்றங்கரையில் அரசர் தங்கியிருந்தார். படையில் பெரும்பகுதி முன்னரே ஆற்றைக் கடந்துவிட்டது. அந்நேரம் பார்த்து, சில ஆயிரம் இராசபுத்திர வீரர்களுடன் வந்த மஹாபத் கான் அரசரைத் தம் காவலில் வைத்தார். பேரரசியைக் காவலில் வைக்க மறந்ததே அவர் செய்த தவறு. நூர்ஜஹான் மாற்றுக்கோலத்தில் பாலம் கடந்து தமையனின் பாசறையை அடைந்து, அரசரைத் தனியே விட்டுவந்த பிரபுக்களைக் கடிந்துரைத்தார். மறுகரையினர் பாலத்தை எரித்துவிட்டதால் ஆற்றில் இறங்கியே தாக்க வேண்டியிருந்தது. ஆழமான பள்ளங்களில் குதிரைகள் நீந்தின, அணிகள் சிதறின. யானைமீது அமர்ந்து ஆற்றுக்குள் இறங்கிய பேரரசியுடன், மகள் லாட்லியின் கைக்குழந்தையும் அதன் செவிலித்தாயும் இருந்தனர். செவிலியின் கையில் அம்பு தைத்தது. நூர்ஜஹானே அதைப் பிடுங்கி எறிந்தார் என்பது குறிப்பு. காயமுற்ற யானை நீந்திப் பின்வாங்கியது. தாக்குதல் தோற்றது. ஆசஃப் கான் அட்டக் கோட்டைக்கு ஓடி ஒளிந்தார்.

நூர்ஜஹான் ஓடவில்லை. தாமாகவே சென்று கணவருடன் சிறையில் சேர்ந்தார். அவர் பொறுமையின் அளவு அப்போதுதான் புலப்பட்டது. ஜஹாங்கீர் மஹாபத் கானோடு இணங்கியவர்போல் நடந்துகொண்டார். பேரரசியின் ஊழியர் லாகூரில் படை திரட்டினர். காபூலிலிருந்து திரும்பும் வழியில், ரோஹ்தாஸ் அருகே படையைப் பார்வையிடுவதாகக் கூறி அரசர் மஹாபத் கானை விலகி முன்செல்லப் பணித்தார். மஹாபத் கானுக்கு நிலைமை விளங்கிற்று, தப்பியோடினார். ஆற்றுப்போரில் இழந்ததை ஒரு போருமின்றி அவர் மீட்டார்.

அவ்வெற்றி ஓராண்டுகூட நீடித்ததெனச் சொல்லுதற்கு இடமில்லை. 1627 அக்டோபர் இறுதியில், காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் ஜஹாங்கீர் இறையடி சேர்ந்தார். தமையன் ஆசஃப் கான் தம் மருமகனின் பக்கம் நின்றார். கணவரின் உடலோடு இருந்த தங்கையைக் காவலில் வைத்துவிட்டு, வேறோர் இளவரசரைப் பெயருக்கு அரசராக்கி, லாகூர் அருகே ஷஹ்ரியாரை முறியடித்தார். ஷஹ்ரியார் கண்கள் குருடாக்கப்பட்டு, 1628 தொடக்கத்தில் கொல்லப்பட்டார். பிப்ரவரியில் ஷாஜஹான் முடிசூடினார். அந்தப் புதிய அரசின் காலத்தில் முடிக்கப்பெற்ற நூல்களிலிருந்தே நூர்ஜஹானைப் பற்றிய பழிச்சொற்கள் பலவும் நமக்குக் கிடைத்துள்ளன. எழுதியோர் எவர் அவையில் இருந்தனர் என்பதை மறந்து அவற்றைப் படித்தல் தகாது.

ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் உதவித்தொகை பெற்று, லாகூரில் கைம்பெண்ணாகிவிட்ட மகளுடன் பதினெட்டு ஆண்டுகள் நூர்ஜஹான் வாழ்ந்தார். வெண்ணிற ஆடையே உடுத்தினார். அரசியலில் மீண்டும் தலையிடவில்லை. ராவி ஆற்றின் மறுகரையில் ஷாதராவில் கணவர் அடக்கமான தோட்டத்துக்கு அண்மையிலேயே தமக்கும் ஒரு கல்லறை மாடத்தைத் தாமே கட்டிக்கொண்டார். 1645 டிசம்பரில், அறுபத்தெட்டாம் வயதில், காலமாகி அங்கே அடக்கம் செய்யப்பெற்றார். சீக்கியர் ஆட்சியில் அதன் பளிங்குகள் பெயர்க்கப்பட்டன. பின்னர் ஆங்கிலேயர் இட்ட இருப்புப்பாதை கணவரின் கல்லறைக்கும் மனைவியின் கல்லறைக்கும் நடுவே சென்றது. நூர்ஜஹானின் அருகில் அடங்கியிருப்பவர் மகள் லாட்லி பேகம்.