போலீஸ் வாக்குமூலத்துக்குத் தடை போட்ட ஸ்டீபன்

போலீஸ் காவலில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வரும். பிறகு கோர்ட்டில் அவர் விடுதலையாவார். ஒப்புக்கொண்டவனை எப்படி விட்டார்கள் என்று கேட்காத டீக்கடை இல்லை. போலீஸாரிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது என்று 1872-ம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் எழுதிவைத்தவர் சர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன்.

1829-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து வக்கீலாகி, 1869 கடைசியில் வைசிராய் சபையின் சட்ட மெம்பராகக் கல்கத்தா வந்தார். இங்கே இருந்தது இரண்டரை வருஷம்கூட இல்லை. நம்மிடம் பரிவு கொண்டவர் என்று எண்ணிவிட வேண்டாம்; கண்டிப்பான ஏகாதிபத்தியவாதி.

தடை அவர் மூளையில் புதிதாக உதித்ததும் அல்ல. கிட்டி போட்டு விரல்களை நெரிப்பதையும், அண்ணாந்தாள் என்று ஆளை வளைத்துக் கட்டிவைப்பதையும் 1855-லேயே சென்னை மாகாண சித்திரவதை விசாரணைக் கமிஷன் அம்பலப்படுத்தியிருந்தது. 1861 கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் வந்த தடையை ஸ்டீபன் சாட்சியச் சட்டத்தின் 25, 26-வது பிரிவுகளாக்கினார். காவலில் இருப்பவர் மாஜிஸ்திரேட் முன்னிலையில் சொன்னால்தான் மதிப்பு. ஆனால் 27-வது பிரிவில் ஒரு சந்து உண்டு: கைதி சொன்ன தகவலால் பொருள் அகப்பட்டால், அந்த அளவுக்கு அவர் பேச்சு செல்லும். பாஷை தெரியாத ஊரில் கைநாட்டு வைக்கும் நம் தொழிலாளிக்கு ஆபத்து இந்தச் சந்தில்தான்.

வெயிலில் அலைந்து சாட்சி தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஒரு ஏழையின் கண்ணில் மிளகாய்ப் பொடி தேய்ப்பது சுலபம் என்று அனுபவப்பட்ட அதிகாரி ஒருவர் சொன்னதை, ஸ்டீபன் பிற்பாடு தம் நூலில் பதிவு செய்தார். கொடூரத்தைவிடச் சோம்பலே காரணம் என்பது அதன் கருத்து.

1879-ல் இங்கிலாந்தில் ஜட்ஜ் ஆனார். 1887-ல் லிப்ஸ்கி வழக்கு வந்தது. போலந்திலிருந்து பிழைக்க வந்த யூத இளைஞன். ஒரு பெண்ணை அமிலம் ஊற்றிக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. ஜூரிகள் சில நிமிஷங்களில் குற்றவாளி என்றார்கள். ஸ்டீபன் தூக்குத் தண்டனை விதித்தார். பத்திரிகைகள் கொதித்தன. தண்டனை ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. ஸ்டீபனுக்கே நிம்மதி இல்லை. தூக்குக்கு முந்தின நாள் லிப்ஸ்கி ஒப்புக்கொண்டதாகத் தகவல் வந்த பிறகுதான் அவர் மனம் ஆறியது. ஒப்புதலை நம்பாதே என்று சட்டம் எழுதியவருக்கு ஒப்புதல்தான் ஆறுதல் தந்தது! அது உண்மையா என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் ஐயப்பட்டிருக்கிறார்கள்.

புத்தி தளர்ந்துவிட்டதாகப் பேச்சு எழவே 1891-ல் பதவி விலகி, 1894-ல் காலமானார். அவருடைய சட்டம் 2024 ஜூலை 1 வரை அமலில் இருந்தது. பின் வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அந்தத் தடை 23-வது பிரிவாக நிற்கிறது. 27-ன் சந்தும் அதிலேயே சேர்ந்து வந்துவிட்டது.