லூயி பிரெயில் (1809 – 1852)

மாணவர்களே, விழிப்புலனற்றோருக்கான எழுத்து முறையை உருவாக்கியவர் லூயி பிரெயில் என்பது நீங்கள் அறிந்ததே. ஆனால் விழிப்புலனற்றோருக்கு உதவவென அமைந்த பாடசாலையிலேயே அந்த எழுத்து சில காலம் தடைசெய்யப்பட்டிருந்தது என்பதைப் பலர் அறியார். அவரது வாழ்க்கையை அந்தக் கோணத்திலிருந்து படித்துப் பாருங்கள்.

பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கூப்வ்ரே கிராமத்தில் 1809 ஜனவரி 4 இல் லூயி பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடியபோது அது ஒரு கண்ணில் குத்தியது. கிருமித்தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதளவில் பார்வை முற்றாக அற்றுப்போனது.

பெற்றோர் மகனை வீட்டு மூலையில் இருத்தி வைக்கவில்லை. தந்தை பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, தடவி அறியச் செய்தார். ஊர்க் குருவானவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஊர்ப் பாடசாலையிலும் மற்றப் பிள்ளைகளுடன் ஒன்றாக இருந்து கற்றார்.

1819 இல், பத்து வயதில், பாரிசிலிருந்த விழிப்புலனற்ற இளைஞருக்கான அரச நிறுவகத்தில் லூயி சேர்ந்தார். அதன் தாபகர் வலன்டின் ஹாயி என்பவர். தடித்த தாளில் சாதாரண எழுத்துகளையே மேடாக எழும்பச் செய்து புத்தகம் அச்சிடுவது அவரது முறையாகும். புத்தகங்கள் பெரியவை, கனமானவை. ஒவ்வோர் எழுத்தாகத் தடவ வேண்டியிருந்ததால் வாசிப்பு மிக மெதுவாக நடந்தது. அம்முறையில் மாணவர் தாமாக எழுதுவதும் எளிதன்று. ஹாயி நல்லெண்ணம் கொண்டவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் தேர்ந்தெடுத்தது தமது கண்ணுக்குப் பழகிய வடிவத்தையே; விரலுக்கு எது எளிது என்பதை அல்ல.

1821 இல் ஷார்ல் பாபியர் என்ற முன்னாள் இராணுவ அதிகாரி, ஒலிகளைப் புள்ளிகளால் குறிக்கும் தமது முறையை நிறுவகத்திற்கு அறிமுகப்படுத்தினார். அதில் ஒரு குறியீட்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. விரல் நுனிக்குள் அவை அடங்கவில்லை. எழுத்துக்கூட்டலுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் இடமிருக்கவில்லை. லூயி அதனைத் திருத்தத் தொடங்கி, 1824 அளவில், பதினைந்து வயதில், ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். ஆறு புள்ளிகளால் 63 குறியீடுகள் அமையும். ஒரு குறியீட்டை ஒரே தொடுகையில் அறியலாம். இம்முறையை விளக்கும் நூல் 1829 இல் வெளிவந்தது. அதில் பாபியருக்குரிய பங்கை லூயி மறைக்காமல் எடுத்துரைத்தார். நீங்களும் விடை எழுதும்போது பாபியரை விட்டுவிடாதீர்கள். குருடர் என்ற சொல்லையும் தவிர்த்து, விழிப்புலனற்றோர் என்றே எழுதுங்கள்.

லூயி அதே நிறுவகத்தில் ஆசிரியரானார். தேவாலயத்தில் ஓர்கனும் வாசித்தார். பார்வையுள்ள உறவினருக்கு விழிப்புலனற்றோர் கடிதம் எழுதுவதற்காக, சாதாரண எழுத்து வடிவங்களையே புள்ளிகளால் அமைக்கும் வேறொரு முறையை 1839 இல் வெளியிட்டார். மற்றத் தரப்பினரின் வசதியையும் எண்ணிப்பார்த்தவர் அவரே.

1840 இல் டுபோ என்பவர் பணிப்பாளரானார். பார்வையுள்ளோர் வாசிக்க முடியாத எழுத்து, விழிப்புலனற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என அவர் கருதினார். பிரெயில் முறை வகுப்பறையிலிருந்து நீக்கப்பட்டது. மாணவரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. மாணவரோ ஒருவருக்கொருவர் இரகசியமாகப் புள்ளிகளில் எழுதிக்கொண்டனர்.

இதைக் கவனித்தவர் உதவிப் பணிப்பாளர் ஜோசப் குவாடே. பார்வையுள்ளவரான அவர், மாணவர் எதை விரும்பிப் பயன்படுத்துகின்றனர் என்பதை முதலில் பார்த்தார். பின்னர் டுபோவின் மனத்தை மாற்றினார். 1844 இல் நிறுவகத்தின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் பிரெயில் முறை பலர் முன்னிலையில் விளக்கிக் காட்டப்பட்டது. அவ்வேளையில் லூயி காசநோயால் பெரிதும் நலிவுற்றிருந்தார்.

1852 ஜனவரி 6 இல், 43 ஆவது பிறந்தநாளுக்கு இரு நாள்களின் பின் அவர் காலமானார். பிரான்ஸ் அவரது முறையை உத்தியோகபூர்வமாக ஏற்றது 1854 இலாகும். 1952 இல் அவரது உடல் பாரிசிலுள்ள பந்தேயோன் நினைவாலயத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டபோது, கைகள் மட்டும் கூப்வ்ரே கிராமத்திலேயே வைக்கப்பட்டன.