பரங்கிமலை தந்த ஆசிரியர் எம். சி. ராஜா

பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையின் மறுமுனையில் இருப்பது பரங்கிமலை. அவ்வூரில் 1883ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 17ஆம் நாள் பிறந்தவர் மயிலை சின்னத்தம்பி ராஜா. எம். சி. ராஜா என்றால் நம் முதியோர் அனைவரும் அறிவர். இளைஞருள் அவர் வரலாற்றை அறிந்தோர் சிலரே. கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவரைப் பற்றி எழுத யாம் விழைந்ததற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அவரும் எம்மைப் போலப் பள்ளி ஆசிரியராகவே வாழ்வைத் தொடங்கியவர்.

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பள்ளிகளுக்குரிய நூல்களும் எழுதினார். நம் மக்களுள் எழுத்தறிந்தோரை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. 1916இல் ஆதி திராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்றார். தாழ்த்தப்பட்ட வகுப்பினருள் அம்மன்றத்தில் முதன்முதல் அமர்ந்தவர் அவரே.

அம்மன்றத்தில் அவர் ஆற்றிய தொண்டுகளுள் 1922ஆம் ஆண்டுத் தீர்மானத்தையே யாம் தலையாயதாகக் கொள்கிறோம். அரசாங்க ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை நீக்கி, தமிழ்நாட்டில் ஆதி திராவிடர் என்றும் ஆந்திரப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் எழுதவேண்டும் என அவர் வேண்டினார். மன்றம் அதனை ஏற்றது, அரசாணையும் பிறந்தது. பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா என்று கேட்பார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை ஆண்டுதோறும் எழுதும் எமக்கு அக்கேள்வி வியப்பளிக்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் எதிரில் அதன் தந்தையை நோக்கி வகுப்பு யாதெனக் கேட்கும்போது, அத்தந்தை தலை குனிந்து விடை சொல்வதும் நிமிர்ந்து சொல்வதும் ஒன்றாகா. ஆயினும் பழைய பெயர் அடியோடு மறைந்துவிடவில்லை. பட்டியல் சாதிகளின் அட்டவணையில் இரு பெயர்களும் தனித்தனியே இடம்பெற்றிருக்கின்றன. அதனால் சான்றிதழ் பெறுவதில் நம் இளைஞர் கவனமாயிருத்தல் வேண்டும்.

அவர் முதலில் நீதிக்கட்சியைச் சார்ந்திருந்தார். 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலகம் மூண்டது. நம் மக்களின் குடிசைகள் தீக்கிரையாயின. அந்நாளில் கட்சித் தலைவர் சிலர் நம்மவரையே குறை கூறியது அவர் மனத்தைப் புண்படுத்தியது. அரசுப் பணிகளில் நம் வகுப்பினர்க்கு உரிய பங்கு கிட்டாமையும் சேரவே, 1923இல் கட்சியை விட்டு விலகினார். நம் மக்களின் நிலையை ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1925இல் வெளியிட்டார். 1927 முதல் பத்தாண்டுகள் தில்லியில் மத்திய சட்டசபை உறுப்பினராக விளங்கினார்.

1932ஆம் ஆண்டைப் பற்றிக் கூறாது விடுதல் நேர்மையாகாது. தனித்தொகுதி வேண்டுமென டாக்டர் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் வாதாடிக்கொண்டிருந்தபோது, ராஜா அவர்கள் கூட்டுத்தொகுதியும் அதனுள் ஒதுக்கீடும் போதும் என்று டாக்டர் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதனால் நம் வலிமை பிளவுபட்டது என்பதே எம் கருத்து. அவ்வாண்டு செப்டம்பரில் புனா ஒப்பந்தம் ஏற்பட்டபோது மூவருமே கையொப்பமிட்டனர். மாகாணங்களில் நமக்கு 71 இடங்கள் என்றிருந்தது 148 ஆயிற்று. நம் உறுப்பினரை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை கைநழுவிற்று. இந்துக்களோடு இணைந்திருந்தால் நீதி கிடைக்கும் என்று ராஜா அவர்கள் மெய்யாகவே நம்பினார். தன்னலத்தால் அவ்வாறு செய்தார் என்று பழிப்போருடன் யாம் உடன்படோம்.

அந்நம்பிக்கைக்குச் சோதனை 1938இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் கே. வி. ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் சில திங்கள் அமைச்சராயிருந்த அவர், இராஜாஜி முதலமைச்சரானபின் உறுப்பினராக இரு மசோதாக்களைக் கொணர்ந்தார். பொதுக் கிணறு, சாலை முதலியவற்றில் நம்மவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் மசோதா 1938இல் சட்டமாயிற்று. மற்றொன்று ஆலயப் பிரவேச மசோதா. அதனை இப்போது வற்புறுத்த வேண்டாம் என்று முதலமைச்சர் கேட்டுக்கொண்டார். ராஜா இணங்கவில்லை. ஆளுங்கட்சியினர் எதிர்த்து வாக்களித்தமையால் மசோதா தோற்றது. யாரை நம்பிக் கூட்டுத்தொகுதியை ஏற்றாரோ, அவர்களே கைவிட்டனர். காந்தியடிகளுக்கும் முறையிட்டு எழுதினார், பயன் விளையவில்லை.

அதன்பின் அவர் டாக்டர் அம்பேத்கரை நெருங்கி வந்தார். 1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழுவை இருவரும் சேர்ந்தே சந்தித்தனர். பத்தாண்டுப் பிணக்கு அவ்வாறு தீர்ந்தது. தம் பழைய நிலையை மாற்றிக்கொள்ளும் துணிவு தலைவர் பலரிடம் காணக் கிடைப்பதன்று.

1943 ஆகஸ்டு திங்களில், தம் அறுபதாம் வயதில், அவர் மறைந்தார். சைதாப்பேட்டையில் கல்லூரி மாணவர்க்கான அரசு விடுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் தோற்ற இடத்தில் சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது 1947இல். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின்.